காளைத்தலை முத்திரை: நாரிச் நகரத்துக் கடுகின் கதை

1990களின் இறுதிவரை நம் வீடுகளில் இருந்த டெட்டால் புட்டியையோ, துணிக்குப் போடும் ராபின் நீலப் பொட்டலத்தையோ திருப்பிப் பார்த்தவர்கள், அடியில் பொடி எழுத்தில் ‘ரெக்கிட் அண்ட் கோல்மன்’ என்ற பெயரைப் படித்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் அதில் பாதி காணாமல் போனது. ரெக்கிட் இருந்தது, கோல்மன் இல்லை. புட்டியின் நிறமோ வாசனையோ மாறாததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அப்படிச் சத்தமில்லாமல் உதிர்ந்துபோன அந்தப் பாதிப்பெயர், இங்கிலாந்தின் கிழக்கு மூலையில் ஒரு சிற்றாற்றங்கரை ஆலையில் கடுகு இடித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் பெயர். கோல்மன் கடுகு என்றால் இன்றும் ஆங்கிலேயர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் மஞ்சள் தகர டப்பாவைத்தான் குறிக்கும். சோப்பும் கிருமிநாசினியும் விற்கும் நிறுவனத்தின் பெயரில் அந்தக் குடும்பம் எப்படி வந்து சேர்ந்தது, எப்படி வெளியேறியது, கடுகு பிறந்த ஊரைவிட்டு ஏன் போனது என்பதையெல்லாம் விளங்கிக்கொள்ள, முதலில் கடுகைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கடுகுக்குள் காரம் இல்லை. நம்ப முடியாதவர்கள் ஒரு கரண்டி கடுகை ஈரமில்லாத மிக்சியில் பொடித்து, நாக்கு நுனியில் துளி வைத்துப் பார்க்கலாம். எச்சில் ஊறும்வரை லேசான கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதே பொடியில் குளிர்ந்த நீரை விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்தால், முகத்தைக் கிட்டே கொண்டுபோன மாத்திரத்தில் மூக்கில் நெடி ஏறிக் கண்ணில் நீர் வரும். கடுகின் உயிரணுக்களில் சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. விதையை உடைத்து நீர் சேர்க்கும்போதுதான் இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற ஆவியாகும் காரப்பொருள் பிறக்கிறது. மிளகாயின் காரம் நாக்கில் உட்கார்ந்து எரிக்கும். கடுகின் காரமோ ஆவியாக மூக்கில் ஏறி, நொடியில் உலுக்கிவிட்டு இறங்கிவிடும். காய்ந்த எண்ணெயில் கடுகைப் பொரிய விட்டுத் தாளிக்கும் நம் சமையலில் அந்த நொதி சூட்டில் செத்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு வெடித்த கடுகின் மணம் மட்டும் கிடைக்கிறது, நெடி கிடைப்பதில்லை. மாவடுவுக்குக் கடுகுப்பொடி போடுகிறவர்களும், தயிர்ப்பச்சடிக்குப் பச்சைக் கடுகை அரைத்து விடுகிறவர்களும் மட்டுமே அதன் மறுமுகத்தை அறிவார்கள்.

ஆங்கிலக் கடுகு என்பது இந்த மறுமுகத்தை மட்டுமே நம்பிய சரக்கு. பிரான்சில், குறிப்பாக டிஷோன் நகரத்தில், கடுகை அரைத்துப் புளிப்பான திராட்சைச் சாறோ வினிகரோ சேர்த்து விழுதாகவே விற்றார்கள். புளிப்பு நொதியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் அது மிதமாகவும், நாள்பட இருப்பதாகவும் அமைந்தது. ஆங்கிலேயர்களோ மாவு போன்ற பொடியை வாங்கி, சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு வெறும் தண்ணீரில் குழைத்துக்கொண்டார்கள். காரம் கடையில் வாங்கப்படவில்லை. சாப்பாட்டு மேசையில் உண்டாக்கப்பட்டது. பொடி என்பதால் எடை குறைவு, கெடாது, கப்பலில் எங்கும் போகும். ஆனால் பொடி என்பதாலேயே அதில் எதையும் கலக்கவும் முடியும். கோல்மன் நிறுவனத்தின் இருநூறு ஆண்டுக் கதையில் நடந்தவை பலவும் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைத்தவை என்பதே என் எண்ணம்.

இங்கிலாந்திலும் கடுகு ஆதியில் பொடியாக இருக்கவில்லை. டியூக்ஸ்பரி என்ற ஊரில் கடுகைக் கரகரப்பாக இடித்து, காரமான குதிரைமுள்ளங்கி வேருடன் பிசைந்து உருண்டைகளாக உலர்த்தி விற்றார்கள். வேண்டும்போது உருண்டையிலிருந்து கிள்ளிக் கரைத்துக்கொள்ள வேண்டும். 1720 வாக்கில் டர்ஹம் நகரத்தைச் சேர்ந்த கிளெமென்ட்ஸ் என்ற பெண்மணி, கோதுமையை அரைப்பதுபோல் கடுகையும் அரைத்து, உமியைச் சலித்து நீக்கி, மாவாக்கும் முறையைக் கண்டதாகச் சொல்வார்கள். குதிரையின் மீது மூட்டையேற்றி ஊர் ஊராகச் சென்று அவர் விற்றார் என்றும், மன்னர் முதலாம் ஜார்ஜின் அரண்மனை வரை அது போனது என்றும் அந்தக் கதை நீளும். 1742இல் லண்டனின் கார்லிக் ஹில் பகுதியில் கீன் என்பவர்களின் கடுகு ஆலை தொடங்கியது. ஆங்கிலத்தில் ஆர்வம் மிக்கவரைக் குறிக்கும் ஒரு சொலவடையில் ‘கீன்’ என்ற சொல்லும் கடுகும் சேர்ந்தே வருவதால், அது இந்த ஆலைக்காரர்களின் பெயரிலிருந்து வந்தது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். ஆலை தொடங்குவதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே அந்தத் தொடர் வழக்கில் இருந்தது. நிறுவனம் அதைத் திருத்த முயலாததில் வியப்பில்லை.

கோல்மன் இந்தத் தொழிலுக்குத் தாமதமாக வந்தவர். 1777இல் பிறந்த ஜெரமையா கோல்மன், நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகரான நாரிச் நகரத்தருகே மாவு ஆலை நடத்தியவர். (ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நம்மவர்கள் ‘நார்விச்’ என்று எழுதுவதுண்டு, ஊர்க்காரர்கள் வாயில் அந்த ‘வி’ வராது.) 1814இல், நகரத்துக்குத் தெற்கே சுமார் 4 மைல் தொலைவில், டாஸ் என்ற சிற்றாற்றின் கரையில் ஸ்டோக் ஹோலி கிராஸ் கிராமத்தில் இருந்த நீர்ச்சக்கர ஆலையை, எட்வர்ட் ஏம்ஸ் என்பவரிடமிருந்து சரக்கோடும் வாடிக்கையோடும் சேர்த்து எடுத்துக்கொண்டார். உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, ஏம்ஸ் செய்துவந்த கடுகுத் தொழிலைத் தாம் தொடரப்போவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தார். ஆக, இன்று நிறுவனம் பிறந்த ஆண்டாகக் கொண்டாடப்படும் 1814, ஓர் ஆலை கைமாறிய ஆண்டுதான். அங்கே கடுகு அதற்கு முன்பே அரைபட்டுக்கொண்டிருந்தது.

ஜெரமையாவுக்குக் குழந்தைகள் இல்லை. அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ 15 பிள்ளைகள். மூத்தவனான ஜேம்ஸைத் தம் மகனாகவே வளர்த்து, 1823இல் தொழிலில் பங்காளியாக்கினார் ஜெரமையா. ‘ஜே. அண்ட் ஜே. கோல்மன்’ என்ற பெயர் அப்படி வந்தது: ஜெரமையாவும் சகோதரர் மகன் ஜேம்ஸும். இருவருமே இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத பாப்டிஸ்ட் பிரிவினர். அரசுப் பதவிகளும் பழைய பல்கலைக்கழகங்களும் எளிதில் திறக்காத அக்காலத்தில், இத்தகைய குடும்பங்கள் வணிகத்திலும் ஆலைத் தொழிலிலும் முனைந்தது பிரிட்டனில் பரவலாக நடந்த ஒன்று. சாக்லேட் செய்த காட்பரி குடும்பத்தையும், ஹல் நகரத்து ரெக்கிட் குடும்பத்தையும் இதே வரிசையில் வைக்கலாம்.

ஸ்டோக் ஆலையில் கடுகு அரைக்கப்படவில்லை, இடிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. எண்ணெய் மிகுந்த விதையைக் கல்லில் போட்டு அழுத்தினால் பசையாகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நீர்ச்சக்கரத்தின் விசையில் வரிசையாக ஏறி இறங்கும் உலக்கைகளைக் கொண்டு உரலில் இடித்தார்கள். நம் ஊர் அவல் இடிக்கும் ஆலைக்குள் ஒருமுறையேனும் நின்றவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கற்பனை செய்ய முடியும். இடித்த தூளைப் பட்டுத் துணியில் சலித்து, உமியைத் தனியே பிரித்தார்கள். வெண்கடுகும் கருங்கடுகும் தனித்தனியாக இடிபட்டு, பிறகே குறிப்பிட்ட அளவில் கலக்கப்பட்டன. மூக்கில் ஏறும் நெடியைத் தருவது கருங்கடுகு. வெண்கடுகில் இருப்பது சினால்பின் என்ற வேறு பொருள். அதிலிருந்து உண்டாகும் காரம் அவ்வளவாக ஆவியாகாமல் நாக்கிலேயே நின்று பேசும். நாக்குக்கும் மூக்குக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் இந்தக் கலவையின் விகிதம்தான் ஆலைக்காரரின் கைப்பக்குவம்.

பெரியவர் ஜெரமையா 1851இல் காலமானார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் லண்டனில் வேறொரு விவகாரம் வெடித்துக்கொண்டிருந்தது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வாக்லி, மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசலைக் கொண்டு, கடைகளில் விற்கும் உணவுப் பொருள்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சோதித்து, முடிவுகளை விற்றவர்களின் பெயரோடு வெளியிடத் தொடங்கியிருந்தார். காப்பித்தூளில் சிக்கரி, ரொட்டியில் படிகாரம் என்று பட்டியல் நீண்டது. கடுகு வரிசைக்கு வந்தபோது ஹாசல் 42 மாதிரிகளைச் சோதித்தார். ஒன்றுகூடக் கலப்படமற்றதாக இல்லை. எல்லாவற்றிலும் கோதுமை மாவு இருந்தது. மாவு கலந்ததால் வெளுத்துப்போன நிறத்தை மீட்க, கிழக்கிலிருந்து கப்பலேறி வந்த மஞ்சள்தூள் சேர்க்கப்பட்டிருந்தது. நமக்கு மங்கலப் பொருளான மஞ்சள், அங்கே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

தொழில் நடத்தியவர்களின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. தனிக்கடுகு பெரும்பாலானோரின் நாக்குக்குத் தாங்காது, எண்ணெய்ப்பசை மிகுதியால் கட்டிபட்டுப்போகும், மாவு சேர்த்தால்தான் நாள்பட நிற்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கோதுமை மாவு கடுகைவிட மலிவு என்பதும் உண்மைதான். 1855இல் நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது. 1860இல் வந்த முதல் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பல் இல்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டம்தான் கடித்தது. அதன் பிறகு கடுகுக்காரர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று: கலந்திருப்பதை வெளிப்படையாகச் சொல்லி விற்பது, அல்லது கலக்காமல் விற்பது. கோல்மன் இரண்டையும் செய்தது. தரத்துக்கு ஏற்ப விலை வைத்துப் பல வகைகள் விற்ற அந்நிறுவனத்தின் உச்சிச் சரக்கு, ‘டி.எஸ்.எஃப்.’ என்ற மூன்றெழுத்தால் அறியப்பட்டது. இரட்டைச் சன்னம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

நிறுவனம் காளைத்தலையைத் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது அதே 1855இல்தான். நாடாளுமன்ற விசாரணையும் முத்திரையும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மளிகைக் கடைக்காரர் பெரிய பீப்பாயிலிருந்து அள்ளி, காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற நிலையில், ஆலையிலேயே அடைத்து மூடிய டப்பாவும் அதன்மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் அடையாளம் தெரியும் ஒரு படமும் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை எளிதில் ஊகிக்கலாம். வாட்டிய மாட்டிறைச்சிக்குக் கடுகு தொட்டுக்கொள்வது ஆங்கிலேயரின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஆகவே காளையின் பொருத்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1866இல் விக்டோரியா அரசியின் அரண்மனைக்குச் சரக்கு வழங்கும் உரிமைப் பட்டமும் கிடைத்தது. மஞ்சள் டப்பா, சிவந்த காளைத்தலை, அரச முத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்து சொன்னது ஒன்றைத்தான்: உள்ளே இருப்பது இன்னதென்று நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

இந்த வளர்ச்சியை நடத்தியவர் மூன்றாம் தலைமுறையினரான ஜெரமையா ஜேம்ஸ் கோல்மன். தந்தை ஜேம்ஸ் 1854இல் இறந்தபோது அவருக்கு வயது 24. கிராமத்து நீர்ச்சக்கரம் இனிப் போதாது என்று கண்டு, நாரிச் நகரத்தின் விளிம்பில் வென்சம் ஆற்றங்கரையில் கேரோ என்ற இடத்துக்குத் தொழிலைப் பெயர்த்தார். ஆறு, 1840களில் வந்திருந்த ரயில் பாதை, நகரத்துத் தொழிலாளர்கள் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே கிடைத்தன. 1850களில் தொடங்கிய இடமாற்றம் 1860களின் தொடக்கத்தில் முடிந்தது. நகரத்தின் பழைய நெசவுத்தொழில் வடக்கு இங்கிலாந்தின் நீராவித் தறிகளிடம் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. கடுகும் காலணியும்தான் நாரிச்சைத் தாங்கிப் பிடித்தன. கேரோவில் கடுகோடு, துணிக்குப் போடும் கஞ்சிமாவும் நீலமும் செய்யப்பட்டன. டப்பாக்களும் அங்கேயே தயாராயின. ஆலைக்கென்று தனித் தீயணைப்புப் படையும் இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் சுமார் 2,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

கேரோவைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடுவது அங்கிருந்த தொழிலாளர் நல ஏற்பாடுகளை. 1857இலேயே தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கப்பட்டது. பிரிட்டனில் அரசு தொடக்கக் கல்விக்குப் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது 1870இல்தான். ஆலைக்குள் மலிவு விலைச் சமையற்கூடம் நடந்தது. விடியுமுன் நடந்து வருபவர்களுக்குச் சூடான பானம் கிடைத்தது. இவற்றையெல்லாம் முன்னின்று பார்த்தவர் ஜெரமையா ஜேம்ஸின் மனைவி கரோலின். 1878இல் ஃபிலிப்பா ஃப்ளவர்டே என்ற செவிலியரை நிறுவனம் சம்பளத்துக்கு அமர்த்தியது. நோயுற்ற தொழிலாளர்களை ஆலையில் மட்டுமின்றி வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. பிரிட்டனின் முதல் தொழிற்சாலைச் செவிலியர் என்று வரலாற்றில் அவர் பெயர் இடம்பெற்றிருக்கிறது. இது கருணையா கணக்கா என்ற கேள்வி வழக்கமாக எழும். கைத்திறனும் நம்பகமும் தேவைப்பட்ட ஆலையில், ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் வேலைக்கு வந்தது முதலாளிக்கும் லாபமாகவே இருந்தது. வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி, மருந்து எல்லாமே வேலை கொடுப்பவரின் கையில் இருக்கும்போது தொழிலாளி எதிர்த்துப் பேசுவது கடினம் என்பதையும் மறக்கலாகாது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

ஜெரமையா ஜேம்ஸ் நாரிச் நகர மேயராகவும், 1871 முதல் 1895 வரை லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பிரதமர் கிளாட்ஸ்டன் அவருக்கு நண்பர். அவர் அளிக்க முன்வந்த பரம்பரைப் பட்டத்தைக் கோல்மன் ஏற்கவில்லை. நாரிச்சில் இன்றும் வெளிவரும் நாளிதழ் ஒன்றை 1870இல் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1898இல் அவர் மறைந்தார். அவருடைய மகள் எத்தல் 1923இல் நாரிச்சின் ‘லார்டு மேயர்’ ஆனபோது, பிரிட்டனில் அந்தப் பதவியை ஏற்ற முதல் பெண்ணாக இருந்தார். சகோதரி ஹெலன் உடனிருந்து மேயரின் துணைவியார் செய்யும் கடமைகளைச் செய்தார். இந்தச் சகோதரிகளுக்கு ஆலன் என்று ஒரு தம்பி. உடல்நலம் தேடி எகிப்துக்குப் போய், 1897இல் லக்ஸர் நகரில் இறந்துபோனான். நைல் நதியில் அவன் பயணம் செய்த படகின் பெயர் ஹேத்தோர். எட்டாண்டு கழித்து நார்ஃபோக்கின் நீர்நிலைகளில் ஓட ஓர் உல்லாசப் பாய்மரப் படகைக் கட்டிய சகோதரிகள், அதற்கு அதே பெயரை வைத்து, உள்ளறைகளை எகிப்தியச் சித்திர வேலைப்பாடுகளால் அலங்கரித்தார்கள். கடுகுக் காசில் கட்டிய அந்தப் படகு இன்னும் மிதக்கிறது.

கடுகினால் தமக்குச் செல்வம் வந்த கதையைக் கேட்டவர்களிடம், மக்கள் தட்டில் ஒதுக்கி வைக்கும் கடுகினால்தான் தாம் பணக்காரரானதாகக் கோல்மன் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. குடும்பத்தில் யார் எப்போது சொன்னது என்பது ஒருபுறம் இருக்கட்டும், கணக்கு சரிதான். குழைத்த கடுகு சில மணி நேரத்தில் நெடி இழந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேளையும் புதிதாகக் குழைக்க வேண்டும், மீந்ததைக் கொட்ட வேண்டும். உண்பதைவிட வீணாவது அதிகமாக உள்ள பண்டத்தை விற்பவருக்குச் சந்தை எளிதில் வற்றாது.

ஆனாலும் 1920களில் வற்றிவிடுமோ என்ற ஐயம் எழுந்திருக்க வேண்டும். 1926இல் லண்டன் பேருந்துகளின் பக்கவாட்டில் ‘அப்பா கடுகுச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாரா?’ என்று ஒரு கேள்வி ஓடத் தொடங்கியது. எஸ்.எச். பென்சன் விளம்பர நிறுவனம் கோல்மனுக்காக உருவாக்கிய கற்பனைச் சங்கம் அது. மாட்டிறைச்சிப் பிரபு, பன்றி இறைச்சி ஜமீன்தார், செரிமானச் செல்வி என்ற தோரணையில் சிலேடைப் பெயர் கொண்ட உறுப்பினர்கள், சங்கத்துக்கு விதிமுறைகள், ரகசியச் சொல், உறுப்பினர் வில்லை, சமையல் குறிப்பேடு என எல்லாம் இருந்தன. எழுதியவர்களில் ஒருவர் டோரதி சேயர்ஸ். துப்பறியும் நாவல்களால் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர், அப்போது அந்த அலுவலகத்தில் விளம்பர வாசகம் எழுதும் வேலையில் இருந்தார். இல்லாத சங்கத்துக்கு ஆட்கள் நிஜமாகவே கடிதம் எழுதிச் சேர்ந்தார்கள். 1933 வரை அந்த விளையாட்டு நீடித்தது. கலப்படக் காலத்தில் ‘இது சுத்தமானது’ என்று சொன்ன முத்திரை, இப்போது ‘இது வேடிக்கையானது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. டப்பாவுக்குள் இருக்கும் பொருளைப் பற்றிய பேச்சு இதற்குள் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையே நிறுவனம் மற்றவர்களை விழுங்கவும் மற்றவர்களோடு சேரவும் தொடங்கியிருந்தது. 1903இல் பழைய போட்டியாளரான கீன் ராபின்சனை வாங்கியது. கடுகோடு கூடவே ராபின்சன் பார்லி நீரும் வந்தது. விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் குடிக்கும் பானமாக 1930களில் பெயர் பெற்றது அதுதான். 1926இல் அமெரிக்காவில் ‘ஃப்ரெஞ்ச்’ என்ற பெயரில் கடுகு விழுது விற்ற நிறுவனம் கைக்கு வந்தது. ஹாட்டாக் ரொட்டிமேல் பிழியும் அந்த மஞ்சள் விழுதில், காரம் குறைந்த வெண்கடுகும் வினிகரும் மஞ்சளும் சேர்ந்திருக்கும். ஹாசலின் நுண்ணோக்கி எந்த மஞ்சளைக் கலப்படம் என்று காட்டிக்கொடுத்ததோ, அதுவே கடல்தாண்டி முறையான சேர்மானமாகிவிட்டது.

ஹல் நகரத்து ரெக்கிட்டும் கஞ்சிமாவும் நீலமும் செய்தவர்களே. ஒரே சந்தையில் மோதிக்கொள்வதைவிடப் பங்கிட்டுக்கொள்வது மேல் என்று இருவரும் 1913இல் தென்னமெரிக்க வணிகத்தை ஒன்றாக்கினார்கள். 1938இல் ‘ரெக்கிட் அண்ட் கோல்மன்’ உருவானது. 1954இல் இணைப்பு முழுமை பெற்றது. நம் வீட்டு நீலப் பொட்டலத்தில் கடுகுக்காரரின் பெயர் வந்து உட்கார்ந்த வழி இதுதான்.

பெரிய நிறுவனத்துக்குள் கடுகு சிறிய பொருளாகிக்கொண்டே போனது. 1995இல் ரெக்கிட் அண்ட் கோல்மன் தன் கோல்மன் கடுகுத் தொழிலை யூனிலீவருக்கும், ராபின்சன் பானங்களைப் பிரிட்விக் நிறுவனத்துக்கும் விற்றுவிட்டது. 1999இல் பென்கீசர் என்ற நிறுவனத்தோடு இணைந்தபோதுதான் ரெக்கிட்டின் பெயரிலிருந்து கோல்மன் நீங்கியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், கோல்மன் கடுகை ஒரு துளியும் செய்யாத நிறுவனம் கோல்மன் பெயரைத் தாங்கி நின்றது. கோல்மன் கடுகோ யூனிலீவரின் வீட்டில் இருந்தது. பெயரும் பொருளும் தனித்தனியே கைமாறக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

வயலிலும் மாற்றங்கள் நடந்தன. கருங்கடுகுச் செடி நெடிதாக வளரும். காய் முற்றியதும் தானே வெடித்து விதையைச் சிதறவிடும். கையால் அறுக்கும் காலத்தில் அதைச் சமாளிக்க முடிந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு முடியவில்லை. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் இடத்துக்குப் பழுப்புக் கடுகு வந்தது. தாவரவியல் பெயரைப் பார்த்தால் அது வேறெதுவுமில்லை, நாம் அன்றாடம் தாளிக்கும் அதே இனம். கிழக்கு ஆங்கிலிய விவசாயிகள் தலைமுறைகளாக ஆலைக்கு ஒப்பந்த முறையில் பயிரிட்டுக் கொடுத்தார்கள். 2000களின் பிற்பகுதியில் மழையாலும் விதைத் தரம் தளர்ந்ததாலும் விளைச்சல் மோசமாகச் சரிந்தபோது, 2009இல் விவசாயிகளே கூட்டுறவு அமைத்து விதைத் தேர்விலும் சாகுபடியிலும் இறங்கிப் பயிரைக் காப்பாற்றினார்கள்.

பயிர் பிழைத்தது; ஆலை பிழைக்கவில்லை. காரணம் கடுகில் இல்லை என்பதுதான் இதில் விசித்திரம். 1995ஆம் ஆண்டு விற்பனைக்குப் பிறகு கேரோ வளாகத்தில் யூனிலீவரும் பிரிட்விக்கும் ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு குடித்தனங்களாக இருந்தன. பொதுவான செலவுகள் பலவற்றைப் பகிர்ந்துகொண்டன. 2017இல் பிரிட்விக் தன் பானத் தயாரிப்பை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. மிச்சமிருப்பவர் தனியாக அவ்வளவு பெரிய பழைய வளாகத்தைத் தாங்குவது கட்டாது என்று யூனிலீவர் கணக்குப் போட்டு, 2018 ஜனவரியில் மூடும் முடிவை அறிவித்தது. 1903இல் கோல்மன் ஆசையாக வாங்கிய ராபின்சன், நூறாண்டு கழித்து வெளியேறும்போது கதவையும் சாத்திக்கொண்டு போனது போலாயிற்று. நகரத்தில் நிறுவனத்தின் பெயரில் 1973 முதல் இயங்கிவந்த கடுகுக் கடை 2017இலேயே மூடப்பட்டிருந்தது. 2019 ஜூலை 24 அன்று கேரோவில் கடைசிப் புட்டி நிரப்பப்பட்டது. அப்போது அங்கே எஞ்சியிருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்.

ஆலை வளாகத்துக்குள்ளேயே 12ஆம் நூற்றாண்டுக் கன்னியர் மடம் ஒன்றின் எச்சங்கள் உள்ளன. பக்கத்திலேயே நாரிச் சிட்டி கால்பந்து அணியின் மைதானம்; 1935இல் கோல்மன் நிறுவனம் குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. அணியின் சட்டை மஞ்சள் என்பதால் அதைக் கடுகோடு முடிச்சுப்போடுபவர்கள் உண்டு. அந்த மஞ்சள், பழைய நெசவாளர்கள் வளர்த்த கேனரிக் குருவியிலிருந்து வந்தது.

கேரோவிலிருந்து வேலைகளில் பெரும்பகுதி, யூனிலீவருக்கு ஏற்கெனவே ஆலை இருந்த பர்ட்டன் நகரத்துக்குப் போனது. ஒரு பகுதி ஜெர்மனிக்குப் போனது. 1876இல் பிரிட்டனின் வணிக முத்திரைப் பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண்ணைப் பெற்ற பாஸ் மதுபானத்தின் சிவப்பு முக்கோணம் அந்த ஊரைச் சேர்ந்தது. முத்திரையைக் கொண்டே பிழைத்த கடுகு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. விதையை மாவாக்கும் வேலை மட்டும் நார்ஃபோக்கை விட்டுப் போகவில்லை. நாரிச்சுக்கு மேற்கே சில மைல் தொலைவில் ஹானிங்ஹம் என்ற ஊரில், கடுகும் புதினாவும் பயிரிடும் விவசாயிகள் பங்கேற்கும் புதிய ஆலை எழுந்தது. அங்கே விதை உலர்ந்து, உடைந்து, சலித்து மாவாகி, பர்ட்டனுக்கு லாரியேறுகிறது. டப்பாவின்மேல் காளைத்தலைக்கு அருகே ‘கோல்மன், நாரிச்’ என்று இருப்பதை அவர்கள் மாற்றவில்லை. மாவைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.